கரைந்துபோன கடலுக்கு என்ன வயது?

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று நேபாளத்தில் உள்ள முக்திநாத். அந்தப் பக்கத்துக் கண்டகி ஆற்றில்தான் சாளக்கிராமம் கிடைக்கிறது. அந்தக் கறுப்புக் கல்லுக்குள் சக்கரமாகச் சுருண்டிருப்பது அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு. ஊரோ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலுயிரி அங்கே எப்படி வந்தது? இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் பெருங்கடல் கிடந்தது. ஆஸ்திரிய நிலவியலாளர் எட்வர்ட் சூஸ் 1893-இல் அதற்கு டெத்திஸ் என்று பெயரிட்டார்.

ஆனால் சாளக்கிராமம் டெத்திஸின் இந்தியக் கரையோரச் சேற்றில் உருவானது. நடுக்கடலின் தரை எங்கே போயிற்று? கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறைகள்கூட இருக்கின்றன. இன்றைய பெருங்கடல்களின் தரையிலோ 20 கோடி ஆண்டைத் தாண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடலடித் தரை வயதாக ஆகக் குளிர்ந்து கனத்து, கண்டத்தின் ஓரத்தில் பூமிக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது. டெத்திஸின் தரையும் ஏறக்குறைய முழுவதும் அப்படித்தான் போனது. ஓரஞ்சாரங்களில் சில துண்டுகள் மட்டும் உள்ளே போகாமல் நிலத்தின் மேல் ஏறிவிட்டன. நிலவியலாளர்கள் அவற்றை ஓஃபியோலைட் என்கிறார்கள். 1936-இல் சுவிட்சர்லாந்து நிலவியலாளர் அகஸ்டோ கான்ஸர், யாத்ரீகர் வேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து கைலாயத்தை வலம்வந்தார். மலையின் தென்புறத்தில் அவர் அடையாளம் கண்டது இந்தப் பாறைகளைத்தான். அந்த யாத்திரையில் அவருக்குக் கிடைத்த பிரசாதம் அது என்று சொல்லலாம்!

இந்தப் பாறைகளை முழு அடுக்கோடு பார்க்க வேண்டுமானால் ஓமன் நாட்டு மலைகளுக்குப் போக வேண்டும். மேலே, கடல்நீரில் பட்டென்று உறைந்து தலையணை தலையணையாகப் புடைத்த எரிமலைப் பாறை. அதன் கீழே செங்குத்தான சுவர்களாக நெருக்கி நிற்கும் பாறைகள். அதற்கும் கீழே மெதுவாக ஆறிய கேப்ரோ என்ற பாறை. கடைசியில் பூமியின் மூடகப் பாறை. கடலுக்கடியில் இதே அடுக்கைத் துளைபோட்டு முழுதாகக் கடக்க இன்றுவரை எந்தக் கப்பலாலும் முடியவில்லை. ஓமனில் செருப்புக் காலோடு நடந்தே கடந்துவிடலாம்.

இந்தப் பாறைகளுக்கு வயது சொல்வதுதான் சிரமம். எரிமலைப் பாறையின் விரிசல்களில் கடல்நீர் புகுந்து தாதுக்களை மாற்றிவிடுகிறது. பொட்டாசியத்தை வைத்துக் கணக்கிடும் பழைய முறை அதனால் ஏமாந்துபோகும். நம்பத் தகுந்தது சிர்க்கான் என்ற மிகச் சிறிய படிகம். உருவாகும்போது அது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பாதியாகச் சிதைய 447 கோடி ஆண்டு ஆகும், மற்றொன்றுக்குச் சுமார் 70 கோடி. இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தந்தால் அந்த வயதை நம்பலாம். கடலடித் தரையில் சிர்க்கான் அரிது. கேப்ரோவுக்குள் ஓடும் வெளிறிய பாறை நரம்புகளைத் தேடி, கிலோக்கணக்கில் இடித்துச் சலித்தால் சில மணிகள் தேறும்.

ஓமன் சிர்க்கான்கள் சொல்லும் வயது சுமார் 9 கோடியே 60 லட்சம் ஆண்டு. அதுதான் கடல் பிறந்த நாள் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தக் கடல்தரை எந்தப் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ, அந்த அடிப்பாறை பூமிக்குள் அமிழ்ந்து வெந்தபோது அதில் கார்னெட் படிகங்கள் வளர்ந்தன. அவற்றின் வயதை 2018-இல் வெளியிட்டார்கள்: சுமார் 10 கோடியே 40 லட்சம். அதாவது தரை உண்டாவதற்கு எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் மூடத் தொடங்கிவிட்டது. பழைய தரை உள்ளே அமிழ, அதன் மேலே இழுபட்டு விரிந்த இடத்தில் புதிதாக உண்டான தரை இது. இளசாக, சூடாக, கனமில்லாமல் இருந்ததால்தான் தப்பித்தது. சைப்ரஸின் ட்ரூடோஸ் மலைப் பாறைகளும் நடுக்கடலில் உண்டானவை அல்ல என்று நிலவியலாளர் அகிஹோ மியாஷிரோ 1973-இல் எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. பிற்காலச் சான்றுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன.

ஆகவே ஓஃபியோலைட்டின் வயதை மட்டும் வைத்துக் கடலின் ஜாதகத்தைக் கணித்தால் தப்பாகிவிடும். திபெத்தில் பிரம்மபுத்திராவை ஒட்டிய துண்டுகள் பெரும்பாலும் 12, 13 கோடி ஆண்டுகளைச் சேர்ந்தவை. லடாக் பக்கத்தில் ஸ்பாங்டாங் துண்டுக்கு 17 கோடியே 70 லட்சம். டெத்திஸோ அதைவிட மிக மூத்தது.

பிறப்பை வேறு இடத்தில் தேட வேண்டும். காஷ்மீரின் பாஞ்சால் எரிமலைப் பாறைகள் அதில் ஒரு சாட்சி. கண்டம் பிளந்து கடல் திறக்கத் தொடங்கிய வேளையில் வழிந்தவை அவை. அங்குள்ள சிர்க்கான் காட்டும் வயது சுமார் 29 கோடி. அடுத்த சாட்சி ஆழ்கடலில் படிந்த சிவந்த செர்ட் பாறை. அதை நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் ஊறவைத்தால் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் கண்ணாடிக் கூடுகள் வெளிப்படும். கால ஓட்டத்தில் அவற்றின் உருவம் மாறிக்கொண்டே வந்திருப்பதால், கூட்டைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். ஓமனின் ஹவாசினா பாறைகளில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கூடுகள் கிடைத்திருக்கின்றன. அவை படிந்த காலத்தில் அங்கே ஆழ்கடல் இருந்தது. ஓமன் மலைமேல் இன்று நிற்கும் கடல்தரை உண்டாக இன்னும் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.