காரை மாற்றுவதா, வேகத்தைக் கூட்டுவதா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழே கார் நிறுத்துமிடத்தில் நம் பிள்ளைகள் சிலர் அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அங்கிள், இருக்கிற காரையே ரீமேப் பண்ணி பவரைக் கூட்டலாமா, இல்லை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு எடுக்கலாமா?" நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கார் கடன் பேரேடு எழுதிய அனுபவம்தான் உண்டு. ஆனாலும் இதே கேள்வி என் வீட்டிலேயே வந்ததால், நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கை மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். 2013-இல் நம் நாட்டில் வந்த வண்டி. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன். பார்க்கச் சின்ன கார், ஓட்டினால் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இழுக்கும் என்பான். 2022-இல் போலோவை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவனுக்கு அதன்மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது.

போன பொங்கலுக்கு முன்னால் நாகலாபுரம் வந்தவன், இரண்டு கணக்கோடு வந்தான். ஒன்று, ரீமேப். அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளை மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தையும் பெட்ரோல் அளவையும் கூட்டுவது. அதோடு சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். இன்னொன்று, காரை 4 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு 13 லட்சத்தில் புதுக் கார்.

"மாமா, நீங்கதான் பேங்க்ல இருந்தீங்க. எது லாபம்?"

"லாபம்னு ரெண்டுலயும் இல்ல மாப்ள. எதுல நட்டம் கம்மின்னு வேணா பாக்கலாம்" என்றேன்.

புதுக் கார் கணக்கு இது. 9 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம். மாதத் தவணை சுமார் 18,680 ரூபாய். வட்டி மட்டும் 2,20,000-க்கு மேல். இன்சூரன்ஸ் நிர்ணயிக்கும் மதிப்பில், ஐந்தாவது வருடம் காரின் விலையில் 50 சதவீதம் கழிந்துவிடும். கடன் முடியும்போது கையில் இருப்பது பாதிக் கார்.

ரீமேப் கணக்கு சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த 1,20,000 ரூபாயை விற்கும்போது யாரும் சேர்த்துத் தரமாட்டார்கள். மாற்றிய வண்டி என்றால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். சட்டமும் இருக்கிறது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம், நாளைக்கு விபத்து என்று போய் நிற்கும்போது பணத்தை மறுக்க ஒரு காரணமாகிவிடும்.

இவ்வளவையும் சொன்னேன். அவன் தலையாட்டினான், மனசு மாறவில்லை. மறுநாள் காலை, "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்று கூப்பிட்டான். புதூர் பாதையில் போனோம்.

மார்கழி கடைசியில் எங்கள் கரிசல் காட்டில் உளுந்து, பாசி, கம்பு அறுப்பு. களம் இல்லாதவர்கள் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். ஒரு வளைவு தாண்டியதும் ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. நடுவில் ஒரு பாட்டி குனிந்து புரட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நாலைந்து வயதுப் பேத்தி. இவன் பிரேக்கை அழுத்தினான். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைக்கும் எங்களுக்கும் இரண்டு முழம் இருக்கும்போது வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக்காட்டில் போய் நின்றது.

யாருக்கும் அடி இல்லை. பாட்டி எங்களைத் திட்டவில்லை. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அவனுக்குக் கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

அதன்பிறகுதான் டயரைப் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அவன் டயரில் 1417 என்று இருந்தது. அதாவது 2017-ஆம் வருடம் 14-ஆவது வாரம் செய்த டயர். ரப்பர் இறுகிப் போயிருந்தது. பள்ளமும் 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தைத் தொட்டுவிட்டது. இந்தக் காலோடுதான் 105 குதிரை போதாது என்று 1,20,000 ரூபாய் செலவழிக்கக் கிளம்பியிருக்கிறான்.

எங்கள் அப்பா சம்சாரி. வண்டி மாடு சுணங்கினால், வீட்டில் எல்லாரும் மாட்டை மாற்றச் சொல்வார்கள். மாட்டுத்தாவணித் தரகரும் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசத் தயாராக இருப்பார். அப்பா முதலில் லாடத்தைத்தான் பார்ப்பார். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

வேகம் 80-லிருந்து 100 ஆனால், கூடுவது 25 சதவீதம். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடிவிடும். 100-இல் போகும்போது, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் கார் 27 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் பிளாக்கின் வாசலிலிருந்து மெயின் கேட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவன் செய்தது: நான்கு புது டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், சஸ்பென்ஷன் புஷ். மொத்தம் 46,000 ரூபாய். கார் இப்போது புதுசு மாதிரி இருக்கிறது என்கிறான். 105 குதிரையும் அப்படியேதான் இருக்கிறது.

வேக ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூர் கரிவர்தன், சாதாரண மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். சின்ன இன்ஜினில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு இடம் செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள பந்தயத் தளம். பொது ரோடு இல்லை, இரவு 11 மணிக்கு நம் பேஸ்மென்ட்டும் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு என் யோசனை மூன்றுதான். முதலில் டயரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். இரண்டாவது, எந்த மாற்றமானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூன்றாவது, குடும்பம் பெருகி இடம் போதவில்லை, ரிப்பேர் செலவு தவணையை எட்டுகிறது என்றால் தாராளமாகக் காரை மாற்றுங்கள். அலுத்துப்போனது என்பதற்காக 5 வருடம் வட்டி கட்டாதீர்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போவோம். நானும் வருகிறேன். என் காரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.