ஐந்து சிப்பாய்களும் ஒரு மையவாடியும்





1914ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி. பெல்ஜிய நாட்டின் ஹொலபெக் என்னும் சிற்றூரில், பிரித்தானிய இந்தியப் படையின் 129ஆவது பலூச்சிப் படைப்பிரிவினர் ஜேர்மனியரை எதிர்த்து நின்றனர். அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கிகளுள் ஒன்றை எறிகணை சிதைத்தது. மற்றையதை அறுவர் இயக்கினர். அவர்களுள் ஐவர் அவ்விடத்திலேயே உயிர் துறந்தனர். காயங்களோடு எஞ்சியவர் குதாதாத் கான் என்னும் சிப்பாய். விக்டோரியா சிலுவை விருதைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவரே. அவருடைய பெயரை வரலாறு அறியும். மாண்ட ஐவரின் பெயர்களோ ஆவணங்களில் உறங்குகின்றன. மக்கள் நாவில் அவை இல்லை. அந்த ஐவரைப் போன்ற சாதாரணக் காலாட்படை வீரரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

யார் இவர்கள்? பஞ்சாபின் வறண்ட கிராமங்களிலும் எல்லைப்புற மலைகளிலும் இருந்து படையில் சேர்ந்தவர்கள். அன்று ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். குடும்பத்தின் கடனும் காணியும் வயிறும் அந்தப் பதினொரு ரூபாயை நம்பியிருந்தன. 1914 செப்டெம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியபோது, ஐரோப்பியக் குளிருக்கு ஒவ்வாத மெல்லிய பருத்திச் சீருடையே அவர்களிடம் இருந்தது. சில வாரங்களுக்குள் பதுங்குகுழிகளின் சேற்றில் நின்றார்கள்.

அவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. ஆகவே சிலர் மறைமொழியைக் கையாண்டனர். இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும், வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து, கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகின்றது என உணர்த்தினர். எங்களைச் செலவழிக்கிறார்கள், தம்பியை அனுப்பாதீர்கள் என்பதே அதன் உட்பொருள்.

நேயர்களே! காயமுற்றோர் பலர் கடல் கடந்து இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே முன்னாள் மன்னரின் மாளிகையொன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிச் சமையலறைகள், தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். இவற்றையெல்லாம் படம் பிடித்து, நூலாக அச்சிட்டு, இந்தியாவுக்கும் அனுப்பினர்.

இவ்வளவு கவனிப்பு ஏன்? பதில் அரசியலில் இருக்கின்றது. 1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு ஜேர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. முஸ்லிம் சிப்பாய்கள் மார்க்க முறைப்படி நல்லடக்கம் செய்யப்படுவதில்லை என்று ஜேர்மனியர் பரப்புரை செய்தனர். 1889இல் கட்டப்பட்ட வோக்கிங் பள்ளிவாசலின் இமாமும் உரிய மையவாடி வேண்டுமென்று அரசை வலியுறுத்தினார். அதன் விளைவாகப் பள்ளிவாசலுக்கு அண்மையில், ஹோர்செல் பொதுவெளியில், மதிலும் குவிமாட வாயிலும் கொண்ட மையவாடி ஒன்று அமைந்தது. 1960களின் இறுதியில் அங்கிருந்த ஜனாஸாக்கள் புரூக்வூட் படையினர் மயானத்துக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் 2015இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். பேரரசுக்கு அந்தக் கபுருகள் தன் நற்பெயரைக் காக்கும் கேடயம். எதிரிக்கோ அவை பரப்புரைக்குரிய பொருள். ஆனால், அந்த மையித்தைக் குளிப்பாட்டிய கைகளுக்கு, கபனிட்ட கைகளுக்கு, கிப்லாவை நோக்கிக் கிடத்திய கைகளுக்கு, அது ஒரு தாயின் மகனாகவே இருந்திருக்கும். ஒரு செயலுக்குப் பின்னே பல நோக்கங்கள் இருக்கலாம். நிய்யத்துக்குரிய கூலியை வழங்குபவன் அல்லாஹ் ஒருவனே.

இங்கே ஒரு வினா எழும். அந்நிய மன்னனுக்காக, கூலிக்காகப் போரிட்டு மடிந்தவரின் நிலை என்ன? சிலர் அவரை மாவீரர் என்பர்; சிலர் துரோகி என்பர். தீர்ப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது கடமை மட்டுமே. மையித்தைக் குளிப்பாட்டல், கபனிடல், தொழுவித்தல், அடக்கல் ஆகிய நான்கும் சமூகத்தின் மீது பர்ளு கிபாயா. ஒருவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாவர். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு, அதுவும் ஓர் ஆன்மாவே என்பதை நினைவூட்டினார்கள். பிற மதத்தவரின் உடலுக்கே அந்தக் கண்ணியம் என்றால், நமக்குப் பிடிக்காத போரில் மாண்டவரின் உடலுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்!

வோக்கிங்கில் கபுரேனும் கிடைத்தவர்கள் மிகச் சிலர். பிரான்சின் நவ் ஷப்பெல் ஊரில் 1927இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், அறியப்பட்ட கபுரோ கல்லறையோ இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரதும் தொழிலாளரதும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முஸ்லிம், இந்து, சீக்கியர் என எல்லாரும் ஒரே மதிலில் இருக்கின்றனர். அந்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், தபாற்காரரின் வருகையை எதிர்பார்த்து வாசலில் நின்ற ஓர் உம்மாவையோ மனைவியையோ நினைத்துக்கொள்ளுங்கள். மகனின் கபுரைத் தொட்டழும் ஆறுதல்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை. நீண்ட போரொன்றைக் கண்ட நாட்டவராகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நேயர்களே, போரில் மடிந்தோரின் தொகையைச் செய்தியில் கேட்கும்போது, எந்தத் தரப்பு என்று வினவுமுன் ஒரு கணம் நில்லுங்கள். உங்கள் ஊரில் அவ்வாறு மகனை இழந்த வீடு இருந்தால், அவர் எந்த இனத்தவராயினும், அந்த வாசற்படியை ஒருமுறை மிதியுங்கள். மடிந்தவருக்கு நம்மால் செய்யக்கூடியது சிறிது; எஞ்சியிருப்போருக்குச் செய்யக்கூடியது அதிகம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இளகச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.