பங்கு சரியா என்று பிள்ளை பார்க்கட்டும்

(ஆழ்வார்பேட்டை மாலை நேர இலவச வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு.

போன வாரம் வகுப்பில் கேட்டேன்: "நோன்புக்கு 48 பேரீச்சம்பழப் பொட்டலமும் 60 சேமியா பாக்கெட்டும் வந்திருக்கின்றன. மிச்சமில்லாமல், ஒரே அளவாக, அதிகபட்சம் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம்?" ஒரு மாணவி 240 என்று எழுதினாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. "48 பொட்டலத்தை 240 வீட்டுக்கு எப்படிம்மா கொடுப்பாய்?" என்றேன். சிரித்துவிட்டு, தானே திருத்தினாள்: 12 வீடு, வீட்டுக்கு 4 பொட்டலம், 5 பாக்கெட்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'மீப்பெரு' என்றதும் பிள்ளை பெரிய எண்ணைத் தேடுகிறது. 'மீச்சிறு' என்றதும் சின்ன எண்ணைத் தேடுகிறது. உண்மையில், காரணி கொடுத்த எண்களில் சிறியதைத் தாண்டாது. மடங்கு பெரியதை விடக் குறையாது. இதை முதலில் புரியவைத்துவிட்டு, வகுத்தல் முறையைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

இது பரீட்சையோடு முடிகிற விஷயமல்ல. ஒருவர் மவுத்தாகிறார். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள்; வேறு வாரிசு இல்லை. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதம் 7,20,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. 8, 6 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24. மனைவிக்கு 3 பங்கு, தாய்க்கு 4 பங்கு, மீதி 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று அந்த 17-ஐ மூன்றாகப் பிரிக்க வராது. எனவே 24-ஐ மூன்றால் பெருக்கி 72 பங்காக்குகிறோம். மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், 72. ஒரு பங்கு 10,000 ரூபாய். மகளுக்கு 1,70,000.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம்முடைய அல்ஜீப்ரா நூலில் பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அவ்வளவு அவசியமான கணக்கை நம் வீடுகளில் இன்று யார் போடுகிறார்கள்? பெரியவர் ஒருவர் உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்கிறார், பெண்கள் தலையாட்டுகிறார்கள். கொடுத்தது குறைவு என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? மார்க்கம் கொடுத்த உரிமை கணக்குத் தெரியாததால் கைநழுவக் கூடாது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. "இந்த விடை நடக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். "பொண்ணுக்குக் கணக்கு எதுக்கு?" என்ற பேச்சு இனி நம் வீடுகளில் வேண்டாம். நாளைக்கு உங்கள் பங்கைச் சரிபார்த்துச் சொல்லப்போவது அவளாகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.