கொடுத்த கை மறந்த சிலுவை



ஜெர்மனியின் ஒரு போர்ப் பதக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தக் குண்டுவீச்சின் நினைவுக் கல் உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனின் கதையை முடித்தது. சேதி எட்டியதும் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் எம்டன் நகரத்துக்குத் தந்தி அடித்தார். புதிதாக ஒரு எம்டன் கட்டப்படும், அதன் முகப்பில் இரும்புச் சிலுவை பொறிக்கப்படும் என்றார். சொன்னபடியே செய்தார்கள். மனிதருக்குப் பதக்கம் குத்துவது எல்லா நாட்டிலும் உண்டு. கப்பலின் மூக்கிலேயே குத்தினார்கள் என்றால், அந்த இரும்புத் துண்டுக்கு அங்கே இருந்த மவுசை எண்ணிப் பாருங்கள்.

அது பிறந்தது 1813-இல், பிரெஸ்லாவ் நகரத்தில். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. நெப்போலியன் 1806-இல் பிரஷ்யாவை அடித்து நொறுக்கி, மறு ஆண்டே நாட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் 1812-இல் ரஷ்யப் பனியில் அவருடைய படை அழிந்தது. இதுதான் சமயம் என்று எழுந்தார் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம். புதிய பதக்கத்துக்கான ஆணையில் மார்ச் 10 என்று தேதியிட்டார். அது மறைந்த அவர் மனைவி லூயிசா ராணியின் பிறந்தநாள். மன்னரே கிறுக்கிக் கொடுத்த படத்தை, கட்டடக் கலைஞர் ஷிங்கல் திருத்தி வடிவம் தந்தார்.

கஜானா காலி. அதனால் தங்கம் இல்லை, வைரம் இல்லை. வார்ப்பிரும்பில் ஒரு சிலுவை, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளி விளிம்பு, அவ்வளவுதான். முன்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லாமல் கறுப்பாக இருக்கும். இன்றும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் அதன் மேல் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டவில்லை என்றால் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, உழவன் மகனுக்கு ஒன்று என்ற பேதம் கிடையாது. தளபதியானாலும் சிப்பாயானாலும் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகுதான் முதல் வகுப்பு. ஆண் வேடமிட்டுப் படையில் சேர்ந்த ஃபிரீடரிக்கே குரூகர் என்ற பெண்ணுக்கும் கிடைத்தது. அரச குடும்பத்துப் பெண்கள் வேண்டுகோள் விடுக்க, ஊர்ப் பெண்கள் தங்க நகையைக் கழற்றிக் கொடுத்து, 'இரும்புக்காகத் தங்கம் தந்தேன்' என்று பொறித்த இரும்பு மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் இப்படிக் கேட்டுப் பாருங்கள், அரசாங்கமே கவிழ்ந்துவிடும்! அவர்கள் கொடுத்தார்கள். தேசம் என்று வந்தால் எல்லாரும் ஒன்று என்பது அந்த இரும்பு தந்த வாக்கு. அந்த வாக்கு என்ன ஆனது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1870-இல் பிரான்சோடு போர் மூண்டபோது சிலுவையை மறுபடி எடுத்தார்கள். 1914-இல் மூன்றாம் முறை. இந்த முறை கணக்கு வழக்கில்லை. இரண்டாம் வகுப்பு மட்டும் 50 லட்சத்துக்கு மேல் போனது.

அந்தப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகப் படையில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் திரும்பி வரவில்லை. பல ஆயிரம் பேர் சிலுவையோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ஹூகோ குட்மன், பவேரியப் படைப்பிரிவு ஒன்றில் லெப்டினன்ட். அவருக்குக் கீழே செய்தி கொண்டு ஓடும் ஒரு சாதாரணப் படைவீரன் இருந்தான். அந்தப் பதவியில் இருப்பவனுக்கு முதல் வகுப்புச் சிலுவை கிடைப்பது அரிது. குட்மன் அவனுக்காகப் பரிந்துரைத்தார். 1918 ஆகஸ்ட் 4 அன்று கிடைத்தது. வாங்கியவன் பெயர் அடால்ஃப் ஹிட்லர்.

இது கட்டுக்கதை அல்ல ஐயா! நாம் படங்களில் பார்க்கிறோமே, அவன் இடது மார்பில் எப்போதும் ஒரு சிலுவை, அது இதுதான். பெரிய தளபதிகள் வரிசை வரிசையாகப் பதக்கம் மாட்டிக்கொண்டு நின்றபோது, இந்த ஒன்றைக் காட்டியே 'நானும் உங்களைப் போல ஒரு சிப்பாய்' என்று கோடிப் பேரை மயக்கினான். அதை வாங்கித் தந்த கையைப் பற்றி நன்றியோடு ஒரு வார்த்தை சொன்னதில்லை. குட்மனை ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பழைய படைத் தோழர்கள் சிலர் உதவியதால் உயிர் பிழைத்து, அமெரிக்கா போய், பெயரையே மாற்றிக்கொண்டு வாழ்ந்து முடித்தார்.

1933 ஏப்ரல் 1. யூதர் கடைகளில் யாரும் வாங்கக் கூடாது என்று நாஜிகள் கட்டளையிட்ட நாள். கொலோன் நகரத்தில் ரிச்சர்டு ஸ்டெர்ன் என்பவர் மெத்தை, படுக்கைச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். அன்று கோட்டில் இரும்புச் சிலுவையைக் குத்திக்கொண்டு தன் கடை வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் சீருடை போட்ட நாஜி அடியாள் நிற்கிறான். அந்தப் புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஸ்டெர்ன் கெஞ்சவில்லை, கத்தவில்லை. நீ கொடுத்ததுதானே, இதற்குப் பதில் சொல் என்பதுபோல் நிற்கிறார். பின்னாளில் அவர் அமெரிக்கா போய், அந்த நாட்டுப் படையில் சேர்ந்து, ஹிட்லரின் படையை எதிர்த்து இத்தாலியில் போரிட்டு, அங்கேயும் வீரப் பதக்கம் வாங்கினார்.

எல்லாருக்கும் அந்த வழி கிடைக்கவில்லை. அந்த ஏப்ரல் முதல் நாள் கழிந்து ஒரு வாரத்துக்குள் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் குறுக்கிட்டதால், போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் விலக்கு. 1934-இல் உலகப்போரில் பங்கேற்றவர்களுக்கெல்லாம் ஒரு கௌரவச் சிலுவை வழங்கினார்கள். யூதர்களும் விண்ணப்பித்துப் பெற்றார்கள். சான்றிதழில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'தலைவர் பெயரால்' என்று. அதாவது ஹிட்லர் பெயரால்! மறு ஆண்டே நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. விலக்கும் போயிற்று, குடியுரிமையும் போயிற்று.

1942 ஜனவரி 20. பெர்லின் நகரின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்களை ஒழித்துக்கட்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டக் குறிப்பில் நம் பதக்கம் வருகிறது. போரில் கடுமையாக ஊனமுற்ற யூதர்களையும், இரும்புச் சிலுவை முதல் வகுப்பு வாங்கியவர்களையும் முதியோரோடு சேர்த்துத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கருணையா? இல்லை. இப்படிச் செய்தால், 'இவரை விட்டுவிடுங்கள்' என்று வரும் சிபாரிசுகள் ஒரே வீச்சில் நின்றுபோகும் என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது. பதக்கத்தைக் கோப்பில் ஒரு பிரிவாக்கிவிட்டார்கள். அந்த முகாமுக்குப் போனவர்கள் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே மடிந்தார்கள். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலானவர்களை ஆஷ்விட்ஸ் முதலிய இடங்களுக்கு ரயிலேற்றினார்கள்.

இந்தக் கொடுமைக்கு நடுவே ஒரு விசித்திரம். பின்லாந்து அப்போது ரஷ்யாவை எதிர்த்து ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டது. பின்லாந்துப் படையில் யூதர்கள் இருந்தார்கள். மருத்துவர் லியோ ஸ்குர்னிக், கேப்டன் சாலமன் கிளாஸ், தாதி டீனா பொல்யாகோஃப் ஆகிய மூவருக்கும் ஜெர்மானியர் இரும்புச் சிலுவை தர முன்வந்தார்கள். மூவரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு ஸ்டெர்னும் பெரியவர், இவர்களும் பெரியவர்கள். யார் மேல் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை.

போர் முடிந்த பிறகு மேற்கு ஜெர்மனிக்கு ஒரு தலைவலி. அந்தப் போரில் ஹிட்லர் மறுபடி எடுத்து வழங்கிய பதக்கத்தின் நடுவே ஸ்வஸ்திகா, அணிந்தவர்களோ லட்சக்கணக்கில். 1957-இல் சட்டம் போட்டார்கள்: ஸ்வஸ்திகா இல்லாமல் மறுபடி வார்த்து அணிந்துகொள்ளலாம். புதிய பதிப்பில் நடுவே ஓக் இலைகள், கீழே 1939 என்ற ஆண்டு. அந்தச் சிலுவை வடிவம் இன்றும் ஜெர்மன் படையின் டாங்கியிலும் விமானத்திலும் இருக்கிறது.

ஆப்கானிஸ்தானில் ஜெர்மன் வீரர்கள் இறக்கத் தொடங்கியபோது, இரும்புச் சிலுவையையே மீண்டும் தரலாமே என்று கோரிக்கை எழுந்தது. அரசு ஒப்பவில்லை, வேறு பெயரில் ஒரு வீரப் பதக்கத்தை உண்டாக்கியது. கோழைத்தனம் என்று சிலர் ஏசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெயரில் ஹிட்லரின் மார்பும் இருக்கிறது, ஸ்டெர்னின் கோட்டும் இருக்கிறது; இரண்டையும் ஒரு புதுச் சிப்பாயின் தோளில் எதற்கு ஏற்ற வேண்டும்? 2009 ஜூலையில் புதிய பதக்கத்தை முதன்முதலாக நான்கு பேருக்கு அணிவித்தார் சான்சலர் மெர்க்கல். குந்தூஸ் அருகே தற்கொலைத் தாக்குதல் நடந்த இடத்தில், எரிகிற வண்டியருகே ஓடி, அடிபட்டவர்களைக் காப்பாற்ற முயன்றவர்கள் அவர்கள்.