ஓடைக்குப் போகும் உரம் செடிக்குப் போகட்டும்



இன்று நாம் உரத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். பால் மரத்திற்கு இடும் உரத்தைப் பற்றியன்று. வீட்டின் பின்புறத்திலோ, குத்தகைக்கு எடுத்த சிறு நிலத்திலோ விற்பனைக்காக வளர்க்கும் பூஞ்செடிகளுக்கு இடும் உரத்தைப் பற்றியே பேசவிருக்கிறோம். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ போன்ற செடிகளுக்கு நம் நாட்டில் என்றும் தேவை உண்டு. புதிய வீடமைப்புப் பகுதிகளும், சாலையோரங்களும், பள்ளிக்கூடங்களும் இவற்றை வாங்குகின்றன. சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்த மக்கள் பூஞ்செடி வளர்த்து விற்றுத் தங்கள் காலிலேயே நின்றனர். அவ்வட்டாரம் செடி வாணிபத்திற்கு இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. காலையில் பால் வெட்டி முடித்தபின், மாலையில் சிறிது உழைத்துப் பொருள் ஈட்ட விரும்பும் குடும்பத்திற்கு இது ஏற்ற தொழிலாகும்.

இத்தொழிலில் நம் கைப்பணத்தைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பது உரமாகும். அதிலும் இலையையும் தண்டையும் வளர்க்கும் தழைச்சத்தே அடிக்கடி இடப்படுகிறது. நம் நாட்டிலேயே பிந்துலுவிலும் குருணிலும் யூரியா செய்யப்படுகின்ற போதிலும், அதன் விலை உலகச் சந்தையோடு பிணைந்தது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் மூண்டபோது உர விலை எவ்வளவு விரைவாக ஏறியது என்பதைச் சிறு பயிரிடுவோர் நன்கறிவர். ஆகவே, இட்ட உரத்தில் எவ்வளவு செடிக்குள் சென்றது, எவ்வளவு வீணாயிற்று என்று கணக்குப் பார்ப்பது நம் கடமையாகும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. ஐம்பது கிலோ மூட்டையொன்றில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஆனால் இச்சத்து மண்ணில் நிலைத்து நிற்பதில்லை. மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால், அதில் ஒரு பங்கு அமோனியா ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். எஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டைக் களிமண் பிடித்துவைக்காது. நல்ல மழை பெய்தால் நீரோடு சேர்ந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். பின்னர்க் கிணற்றையோ ஓடையையோ சென்றடையும். நீர் தேங்கி நிற்கும் நிலத்திலோ அது வாயுவாக மாறிப் பறந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் நாட்டில் இந்த இழப்பு சிறிதன்று.

இழப்பு பணத்தோடு முடிவதில்லை. கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்தால், அந்நீரில் மாவுப் பால் கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தைகளுக்குக் கேடு விளையும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுதியாகவே செய்யும். ஆகவே, நாற்று நிலத்தின் அருகே கிணறு வைத்திருப்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இதற்குப் பரிகாரம் என்ன? நம் தோட்டங்களில் இளமரங்களுக்கிடையே படரும் பூராரியா, கலபகோனியம் முதலிய மூடுகொடிகளை எண்ணிப் பாருங்கள். அவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து வைக்கின்றன. இலை உதிர்ந்து மக்க மக்க, அச்சத்து சிறுகச் சிறுக மண்ணுக்கு வந்து சேருகிறது. ஒரே நாளில் அள்ளிக் கொட்டாமல், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் முறை அது. இதே முறையைப் பின்பற்றிச் செய்யப்பட்டதே மெல்ல விடும் உரம்.

இவ்வுரத்தின் ஒவ்வொரு மணியின் மீதும் மெல்லிய பூச்சு உள்ளது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டுகளில் யூரியாவின் மீது கந்தகத்தைப் பூசும் முறை உருவாக்கப்பட்டது. பிசின் போன்ற பொருள்களைப் பூசிய மணிகளும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பிசின் பூசிய மணிக்குள் மண்ணின் ஈரம் நுழைகிறது; உள்ளிருக்கும் உரம் கரைகிறது; கரைந்த உரம் பூச்சின் வழியே மெல்லக் கசிந்து வெளிவருகிறது. ஒரு நாள் மழை எவ்வளவு பலமாகப் பெய்தாலும் மூன்று மாத உணவு முழுவதும் ஒருசேர அடித்துச் செல்லப்படுவதில்லை. இளவேர் கருகும் ஆபத்தும் குறைகிறது. மாதந்தோறும் உரவாளியைத் தூக்கும் வேலையும் மிச்சமாகிறது.

உரத்தை இடும் இடமும் முக்கியமானது. ஒரு மீட்டருக்கு ஒரு செடி வீதம் நிரை பிடித்து நட்டிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு சதுர மீட்டர் நிலம் உண்டு. இளஞ்செடியின் வேர் தண்டைச் சுற்றி 25 சென்டிமீட்டர் தூரம் பரவியிருந்தால், அது அந்நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடித்திருக்கும். நிலம் முழுவதும் உரம் தூவினால், ஐந்தில் நான்கு பங்கு புல்லுக்கும் மழைநீருக்குமே போய்ச் சேரும். எனவே, தண்டை ஒட்டாமல், வேர் இருக்கும் வட்டத்திற்குள் உரத்தை இட்டு மண்ணால் மூட வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளங்கிக்கொள்வதற்கான உதாரணமே. ஒரு செடிக்கு ஆண்டொன்றுக்கு 10 கிராம் தழைச்சத்து யூரியாவாக இடப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 22 கிராம் யூரியா தேவை. நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்துள்ள மெல்ல விடும் உரத்தால் அதில் பாதியை மட்டும், அதாவது 5 கிராம் மட்டும் கொடுக்க எண்ணினால், சுமார் 28 கிராம் உரம் வேண்டும். உரத்தின் எடை கூடினும் தழைச்சத்து பாதியாகக் குறைந்துவிட்டது. ஆயிரம் செடிகளுக்கு 10 கிலோ தழைச்சத்து சென்ற இடத்தில் 5 கிலோ போதுமானால், மீதி 5 கிலோ ஓடைக்குப் போகாமல் நிற்கிறது. ஆகவே உரம் வாங்கும்போது மூட்டையின் எடையை மட்டும் பார்க்காமல், அதன்மேல் அச்சிட்டுள்ள சத்தின் அளவையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். முதலாவது, விலை. மெல்ல விடும் உரம் யூரியாவைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. வளர்ந்த பால் மரங்களுக்கு அதை இடுவது கட்டாது. நல்ல விலை போகும் நாற்றுகளுக்கும், பையில் வளர்க்கும் இளங்கன்றுகளுக்குமே அது ஏற்றது. இரண்டாவது, வெப்பம். மூட்டையில் எட்டு, ஒன்பது மாதம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 21 அல்லது 25 பாகை வெப்பத்திற்குரிய கணக்காகும். நம் மண் அதைவிடச் சூடானது. ஆகவே உரம் முன்னதாகவே தீர்ந்துவிடும். சில மணிகளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கெட்டியான உரம் இருந்தால் இன்னும் உணவு உண்டு. நீர் மட்டும் பீறிட்டால் தீர்ந்துவிட்டது என்று அறியலாம். மூன்றாவது, பூச்சு. மணிகளை இடித்தாலோ, மண் கலக்கும் இயந்திரத்தில் நெடுநேரம் சுழற்றினாலோ பூச்சு உடைந்து உரம் முழுவதும் ஒருசேர வெளிவந்து வேரைக் கருக்கும். அன்றியும், உரம் தீர்ந்தபின் பிசின் ஓடு மண்ணிலேயே நெடுங்காலம் கிடக்கும். தேவைக்கு மேல் இடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பீர்கள். மண்ணுக்கு மண், செடிக்குச் செடி அளவு மாறும். எனவே உங்கள் நிலத்தையே கேளுங்கள். ஒரே வயதுள்ள செடிகளில் மூன்று நிரைகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் நிரைக்கு வழக்கமான உரத்தை வழக்கம்போல் இடுங்கள். இரண்டாம் நிரைக்கு மெல்ல விடும் உரத்தால் மூன்றில் இரண்டு பங்கு தழைச்சத்தையும், மூன்றாம் நிரைக்குப் பாதியையும் கொடுங்கள். நிரைக்குப் பத்துச் செடியாவது இருக்கட்டும். நிரைகளுக்கு இடையே சற்று இடைவெளி விடுங்கள். மாதம் ஒருமுறை உயரத்தையும் தண்டின் பருமனையும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்களுக்கும் நல்ல பயிற்சியாகும். ஆறு மாத முடிவில் மூன்று நிரைகளும் ஒன்றுபோல் நின்றால், வழக்கமாக இட்டுவந்ததில் பாதி வீணே போயிற்று என்று உங்கள் கண்ணே சாட்சி சொல்லும். மூன்றாம் நிரை மெலிந்து மஞ்சளித்தால், அவ்வளவு குறைத்தது அந்நிலத்திற்குப் பொருந்தவில்லை என்று தெளியலாம்.

மெல்ல விடும் உரம் வாங்க வசதியில்லாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. யூரியாவையே சிறு சிறு அளவாகப் பிரித்து, வேர் வட்டத்திற்குள் இட்டு மண்ணால் மூடி, பெருமழைக்கு முந்திய நாள்களைத் தவிர்த்தாலே இழப்பு வெகுவாகக் குறையும். காய்ந்த புல்லையும் இலையையும் செடியடியில் பரப்புவதும் நன்மை தரும்.

தோழர்களே! உரத்திற்காக நாம் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் வியர்வை சிந்திப் பெற்றதாகும். அது செடியின் இலையாகத் தழைக்க வேண்டுமேயன்றி, ஓடை நீரின் நஞ்சாகக் கலத்தல் ஆகாது. அளந்து இடுவோம், வேரருகே இடுவோம், பொறுமையாக ஊட்டுவோம்.