செவியில் ஒலிக்கும் குரல்கள்

ஒருவருடைய செவியில் மட்டும் ஒரு குரல் ஒலிக்கின்றது. அருகிலிருப்போர் எவருக்கும் அது கேட்பதில்லை. மனச்சிதைவு என வைத்திய நூலார் வழங்கும் கொடிய உளநோயின் முக்கிய அறிகுறிகளுள் இஃதொன்று. இந்நோய் எல்லா நாட்டினரிடையேயும் காணப்படுகின்றது. ஆயினும், அக்குரல் யாருடையது, அது யாது கூறுகின்றது என்னும் வினாக்களுக்கு எங்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

அமெரிக்க மானிடவியல் அறிஞரான தான்யா லூர்மனும் அவரோடிணைந்த உளமருத்துவரும் இதனை ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். கலிபோர்ணியாவிலுள்ள சன் மத்தேயோ, கானா நாட்டின் தலைநகரான அக்ரா, தமிழகத்தின் சென்னை ஆகிய மூன்றிடங்களிலும், இடத்துக்கு 20 பேராக 60 நோயாளரை அவர்கள் வினவினர்.

அமெரிக்க நோயாளர் பலர் தாம் கேட்ட குரல்களைப் பழுதுற்ற மூளையின் அடையாளமாகவே கொண்டனர். முன்பின் அறியாதோரின் அக்குரல்கள் வன்முறையைப் பற்றிப் பெரிதும் பேசின. அக்ராவிலோ, கடவுளே தம்முடன் பேசுவதாகப் பலர் கூறினர். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டவை உற்றார் உறவினரின் குரல்கள். வீட்டில் மூத்தோர் இளையோரை ஏவுவது போல, அவை வேலைகளைச் செய்யுமாறு பணித்தன, கடிந்தும் கொண்டன.

வினவப்பட்டோர் சிலரே; ஆதலின் இதனைக்கொண்டு ஒவ்வொரு நாட்டினரையும் அளந்துவிடல் தகாது. குரல் உறவினருடையதாயின் துன்பமில்லை என்பதும் பொருளன்று. ஆயினும் ஒன்று தெளிவாகின்றது. மனத்தைத் தனக்கே உரிய தனியிடமாகக் கருதி வளர்ந்தவருக்கு, உள்ளே எழும் குரல் அத்துமீறி நுழைந்த அந்நியனாகத் தோன்றுகின்றது. சுற்றத்தாரிடையே தன்னைக் கண்டு வளர்ந்தவருக்கு, அக்குரலும் ஓர் உறவாகவே வந்து நிற்கின்றது.

நோயின் தோற்றத்தில் பண்பாட்டுக்குப் பங்குண்டெனின், சிகிச்சையிலும் அதற்குப் பங்கிருத்தல் வேண்டுமன்றோ? பெரிய மனநோய் வைத்தியசாலைகள் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து அடைத்து வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், அமிர்தசரசில் வித்யாசாகர் என்னும் உளவைத்தியர் மாறான வழியை மேற்கொண்டார். 1950களில் அவர் வைத்தியசாலை வளவிலேயே கூடாரங்களை அடித்து, உறவினரையும் நோயாளருடன் தங்கச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையமும் இம்முறையைக் கைக்கொண்டது. உடனிருந்தோர் நோயின் இயல்பை அறிந்தனர். மருந்து கொடுக்கக் கற்றனர். நோயாளருக்கோ, தாம் கைவிடப்படவில்லை என்னும் உறுதி கிடைத்தது.

எனினும், வழக்கம் என்பதனாலேயே ஒன்று நன்மையாகிவிடாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு, உளநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு மக்கள் நெடுந்தொலைவிலிருந்தும் வருவர். அங்கே தனியார் நடத்திய காப்பகமொன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது 28 பேர் மாண்டனர். அவர்களைக் கட்டியது நம்பிக்கையன்று. நோயைக் கண்ட அச்சமும், பொறுப்பை வேறெவரிடமாவது ஒப்படைத்துவிடும் மனப்பான்மையுமே. நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியாற் பிணித்தலை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு உளநலச் சட்டம் தடை செய்துள்ளது.

ஆகவே, வீட்டிலொருவர் தனித்திருந்து தமக்குள் பேசத் தொடங்குவாராயின், அவரை ஏசுதலும் அடைத்து வைத்தலும் பயன்தரா. காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். உறவினரொருவர் உடன் செல்லல் வேண்டும். மருந்து உறவுக்கு ஈடாகாது. உறவும் மருந்துக்கு ஈடாகாது. யாருடைய குரல் கேட்கின்றது என்று அன்போடு வினவி, விடையைப் பொறுமையோடு கேட்பார் ஒருவர் அருகிலிருப்பின், அந்நோயாளரின் செவிக்கு வெளியிலிருந்தும் ஒரு நற்குரல் எட்டும்.