டைல்ஸுக்கு அடியில் இருக்கும் காப்பு

குளியலறையில் பதிக்கப்படும் டைல்ஸே தண்ணீரைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது முழு உண்மையன்று. டைல்ஸின் மெருகேறிய மேற்பரப்பு நீரை உறிஞ்சுவதில்லை. ஆயினும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் சிமெண்டுக் கலவையான கிரௌட், மண்பானையின் சுவரைப் போலவே, நுண்துளைகள் வழியாக ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் தளத்தில் இறங்கிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்க, கீழ்வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்து விழுகிறது.

நீரைத் தடுப்பது டைல்ஸ் அல்ல; அதற்கு அடியில் பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சே. சிமெண்டுடன் பாலிமர் என்னும் நெகிழ்வு தரும் பொருளைக் கலந்து செய்யப்படும் இப்பூச்சு, தரை முழுவதும் பூசப்பட்டு, சுவரில் ஓரடியாவது ஏற்றப்படுவதோடு, ஷவர் நீர் நேரடியாகப் படும் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலும் செல்ல வேண்டும். கசிவு பெரும்பாலும் சுவரும் தரையும் கூடும் மூலையிலும், குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்திலுமே தொடங்குவதால், மூலையைக் கலவையால் வளைவாக்கி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் அடைத்த பின்னரே பூசுவது முறை.

பூச்சு நன்கு காய்ந்ததும், வடிகுழாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, ஒரு முழுநாளாவது விட்டுவைத்து, கீழ்த்தளத்தில் ஈரம் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வேலையை முடிக்கும் அவசரத்தில் இச்சோதனையைக் கைவிடுவது பெருந்தவறு; ஏனெனில் டைல்ஸ் பதித்த பின்னர் அடிப்பூச்சின் குறை வெளிப்பட்டால், மேலே கிரௌட்டைப் புதுப்பிப்பது சில காலமே தாங்கும்; நிலையான தீர்வுக்குப் பதித்ததைப் பெயர்த்தெடுக்க நேரிடும்.